சம்பளம் வாங்காவிட்டால் கணக்குக் கேட்கக் கூடாதா?

ஜில்லாக்களிலும் மாநிலங்களிலும் பளுத் தூக்கும் சங்கங்களை நடத்தி வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் ஆகிய எல்லோரும் கவுரவ உத்தியோகஸ்தர்களேயாவார்கள். வேறு தொழிலோ வேலையோ செய்து பிழைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இந்த வேலையைப் பார்க்கிறவர்கள். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு காரணத்தையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு, “நாங்கள் கூலி வாங்காமல் ஊழியம் செய்கிறோம், எங்களைக் கணக்குக் கேட்க எவனுக்கு யோக்கியதை இருக்கிறது?” என்று பேசுகிற வழக்கம் நம் நாட்டுச் சங்கங்களைப் பிடித்த ஒரு பெரிய வியாதியாக இருந்து வருகிறது. எந்த ஒரு சங்கத்தையோ எந்த ஒரு ஆளையோ குறிவைத்து இதை நாம் எழுதவில்லை. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லவே எழுதுகின்றோம்.

முதலில் உண்மையான ஊழியம் எது என்பதைப் பார்ப்போம். ஒரு பளுத் தூக்கும் போட்டி நடக்க வேண்டுமானால், ஆரம்பிப்பதற்கு 2 மணி நேரம் முன்னதாகவே வீரர்களை நிறுத்தி எடை பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஸ்னாட்சில் 3, கிளீன் அண்டு ஜெர்க்கில் 3 ஆக 6 வாய்ப்புகள் உண்டு. 30 பேர் கலந்துகொண்டால் 180 தடவை தண்டு மேலே போக வேண்டும். பாரம் மாறுகிற தடவையெல்லாம் சிவப்பு 25 கிலோ, நீலம் 20 கிலோ, மஞ்சள் 15 கிலோ, பச்சை 10 கிலோ என்று தட்டுகளை மாட்டுவதும் கழற்றுவதுமாக நாள் முழுவதும் குனிந்து நிமிர வேண்டும். பெயர் கூப்பிட்டால் 1 நிமிஷத்துக்குள் வீரன் தூக்கத் தொடங்க வேண்டுமாகையால், கடிகாரத்தை ஒருவர் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். 3 நடுவர்கள் முழங்கை மடங்கிற்றா, கால் தவறிற்றா என்று கவனித்து விளக்கைப் போட வேண்டும். எல்லாம் முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போன பிறகு, இரும்பை அடுக்கி மண்டபத்தைக் கூட்டிவிட்டுக் கடைசிப் பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர வேண்டும்.

இதைச் செய்கிற தோழர்களுக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது. இவர்கள் இல்லாவிட்டால், வேலூரை அடுத்த சத்துவாச்சாரியிலிருந்து சதீஷ் சிவலிங்கம் போய் 2014-ல் கிளாஸ்கோவில் 328 கிலோவும், 2018-ல் கோல்டு கோஸ்டில் 317 கிலோவும் தூக்கி இரண்டு தடவை காமன்வெல்த் தங்கம் கொண்டு வந்திருக்க முடியுமா? எந்த வீரனுக்கும் முதல் மேடை காமன்வெல்த் மேடையல்ல. உள்ளூர் மண்டபத்தில் யாரோ தட்டு மாட்டிக் கொடுத்த மேடைதான். ஆனால் பரிசளிப்பு நாளன்று மாலை போட்டுக்கொண்டு முன் வரிசை நாற்காலியில் உட்காருகிறவர் யார், தட்டு மாட்டினவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். ஊழியம் செய்கிறவன் ஒருவன். “ஊழியம்” என்ற பெயரைத் தூக்கிக்கொள்ளுகிறவன் வேறொருவன் என்பது அனேக இடங்களில் நாம் காணக்கூடிய காட்சியேயாகும்.

நிற்க, சம்பளமில்லாத பதவி என்றால் அதிகாரமில்லாத பதவி என்று அர்த்தமா? ஜில்லாவிலிருந்து மாநிலப் போட்டிக்கு யார் போவது, மாநிலத்திலிருந்து தேசியப் போட்டிக்கு யார் போவது என்பது இவர்கள் கையில் இருக்கிறது. போட்டியில் கலந்துகொண்டதற்கும் ஜெயித்ததற்கும் அத்தாட்சிப் பத்திரம் கொடுப்பதும் இவர்களே. அந்தக் காகிதம் என்ன சாமானியமானதா? ரயில்வேயில் வேலை, ராணுவத்தில் வேலை, போலீஸில் வேலை, காலேஜில் இடம் ஆகியவை விளையாட்டு வீரர் பங்கில் கிடைப்பதற்கு அதுதான் சாவி. கூலிக்காரன் மகனுக்கும், நெசவாளி மகளுக்கும் இந்த இரும்பு ஒரு வேளைச் சோறாகவும் ஒரு குடும்பத்தின் விடுதலையாகவும் ஆவது அந்தக் கையெழுத்தின் மூலம்தான். அப்படியானால், மாதம் 50,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற ஒரு குமாஸ்தாவுக்கு இல்லாத அதிகாரம், ஒரு காசும் வாங்காத கவுரவக் காரியதரிசிக்கு இருக்கிறது. சம்பளம் வாங்குகிற குமாஸ்தாவை மேலதிகாரி கேட்பான், ஆடிட்டர் கேட்பான். கவுரவக் காரியதரிசியை யார் கேட்பது?

மற்றொரு கேள்வியும் கேட்கின்றோம். கஷ்டமும் நஷ்டமுமே தவிர இந்தப் பதவியில் வேறொன்றும் இல்லை என்கிறார்கள். உண்மையானால், அந்தக் கஷ்டத்தை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாய் வீட்டுக்குப் போக ஏன் இவ்வளவு தயக்கம்? 10 வருஷம், 20 வருஷம் ஒரே நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும், வயதான பிறகு மகனையோ மருமகனையோ அதில் உட்கார வைப்பதும் எந்தத் தியாகத்தைச் சேர்ந்தது? கோவில் தர்மகர்த்தா பரம்பரையைக் கேலி செய்கிற நாம், விளையாட்டுச் சங்கத்தில் அதே பரம்பரையைக் கண்டால் மட்டும் மாலை போடுவானேன்?

இதெல்லாம் வீண் சந்தேகம் என்று சொல்லுகிறவர்கள், உலகப் பளுத் தூக்கும் சம்மேளனத்துக்கு என்ன கதி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹங்கேரி தேசத்து தமாஸ் அயான் என்பவர் 1976 முதல் அதன் பொதுக் காரியதரிசியாகவும், 2000 முதல் தலைவராகவும், ஆக 44 வருஷ காலம் அதைத் தன் கைக்குள் வைத்திருந்தார். “இவரல்லாமல் பளுத் தூக்குதலே இல்லை” என்று பஜனை பாடியவர்களுக்குக் குறைவில்லை. 2020 ஜனவரியில் ஜெர்மானியத் தொலைக்காட்சி ஒன்று குட்டை உடைத்தது. ஏப்ரலில் அவர் விலகினார். ஜூனில் மக்லாரன் என்ற கனடா தேசத்துச் சட்ட நிபுணரின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. கணக்குக்கு வராத பணம் 1 கோடியே 4 லட்சம் டாலர். ஊக்க மருந்து பிடிபட்டும் மூடி மறைக்கப்பட்ட சோதனைகள் 40. தேர்தலில் ஓட்டுக்குப் பணம் என்று அது சொல்லிற்று. 2022-ல் விளையாட்டுத் தகராறுகளுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அவருக்கு ஆயுள் தடை விதித்தது.

இதனால் நஷ்டப்பட்டது யார்? நாற்காலியில் இருந்தவர்களா? 2021 டிசம்பரில் ஒலிம்பிக் கமிட்டி 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிக்கான ஆரம்பப் பட்டியலை வெளியிட்ட போது அதில் பளுத் தூக்குதல் இல்லை. 1896-ல் ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே இருந்த விளையாட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. நிர்வாகத்தைத் திருத்திக்கொள்ளுகிறோம் என்று கெஞ்சி, 2023 அக்டோபரில் பம்பாயில் கூடிய ஒலிம்பிக் கமிட்டியில்தான் மறுபடியும் இடம் கிடைத்தது. நடுவிலே ஏறக்குறைய 2 வருஷ காலம், விடியற்காலையில் எழுந்து இரும்பைப் பிடித்த ஒவ்வொரு பிள்ளையும் தான் எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரியாமலே தூக்க நேர்ந்தது.

“அது எங்கேயோ ஐரோப்பாவில் நடந்தது, நம் ஜில்லாச் சங்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அயான் ஆகாயத்திலிருந்து குதித்தவரல்ல. ஒவ்வொரு தடவையும் ஓட்டுப் பெற்றே வந்தவர். ஓட்டுப் போட்டவர்கள் தேசிய சங்கங்களின் பிரதிநிதிகள். தேசிய சங்கத்தை உண்டாக்குவது மாநிலச் சங்கங்கள். மாநிலச் சங்கத்தை உண்டாக்குவது ஜில்லாச் சங்கங்கள். ஆகவே ஜில்லாவின் வருஷக் கூட்டத்தில் வரவு செலவைப் படிக்காமலே “ஏகமனதாய் நிறைவேறியது” என்று எழுதுகிற இடத்தில்தான் அந்த 44 வருஷத்துக்கு விதை போடப்படுகிறது.

ஊக்க மருந்து விஷயமும் அப்படியே. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன பெண் வீரர்களில் இருவர் மருந்துச் சோதனையில் பிடிபட்டு நாடே தலைகுனிந்தது. எங்கே பிடிபட்டாலும் தண்டனை வீரனுக்கு, அவமானம் வீரனுக்கு, வேலை போவதும் வீரனுக்கு. ஊசியைக் காட்டிக் கொடுத்தவனும், தெரிந்தும் தெரியாதவன் போல் இருந்த நிர்வாகியும் அடுத்த போட்டிக்குப் பந்தல் போடப் போய்விடுவார்கள். இது என்ன நியாயம்?

பெண்கள் விஷயமோ சொல்ல வேண்டியதில்லை. ஒலிம்பிக்கில் ஆண் 1896-ல் தூக்கினான். பெண்ணுக்குத் தண்டைத் தொட 2000 வரையில், அதாவது 104 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. கதவு திறந்த அந்த வருஷமே ஆந்திர நாட்டு கர்ணம் மல்லேஸ்வரி சிட்னியில் 240 கிலோ தூக்கி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றார். மேடையில் பெண் இவ்வளவு பாரத்தைத் தூக்க முடிகிறது. நிர்வாக சபையில் மட்டும் அவள் ஒரு பேனாவைத் தூக்க முடியாதா?

இனி இவர்கள் சொல்லுகிற பெரிய சமாதானம் ஒன்று உண்டு. “கேள்வி கேட்டால் இலவசமாய் வேலை செய்ய எவன் வருவான்?” என்பது அது. நாம் சொல்லுகிறோம்: கேள்விக்குப் பயந்து வராதவன் வராமலே இருப்பது நல்லது. தட்டு மாட்டுகிற தோழன் எந்தக் கேள்விக்குப் பயப்படப் போகிறான்? ஒரு தட்டை மாற்றி மாட்டினால் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், அவன் தவறு வெளிப்பட்டு விடுகிறது. அவன் அதற்கு இசைந்துதான் வந்திருக்கிறான். வீரனும் அப்படியே, 3 விளக்கில் 2 சிவப்பானால் பேசாமல் இறங்கிப் போகிறான். “நான் சம்பளமில்லாமல் தூக்கினேன், ஆகையால் வெள்ளை விளக்குப் போடு” என்று எந்த வீரனாவது கேட்டதுண்டா?

இந்த விளையாட்டின் பெருமையே அதுதான். இரும்புக்கு ஜாதி தெரியாது; சிபார்சு தெரியாது; யார் மகன் என்று தெரியாது. 100 கிலோ என்பது மந்திரிக்கும் 100 கிலோ, மாடு மேய்க்கிறவனுக்கும் 100 கிலோ. எல்லாம் வெளிச்சத்தில், எண்களில், 3 பேர் கண்ணெதிரில் நடக்கிறது. இவ்வளவு பகிரங்கமான விளையாட்டை, பூட்டிய அறையில் ஒருவர் இருவர் உட்கார்ந்து நடத்துவது என்பது அந்த விளையாட்டுக்கே விரோதமான காரியமாகும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. முதலாவது, சங்கத்தின் வரவு செலவை வருஷத்துக்கு ஒரு முறை உறுப்பினர் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்து, சுவரிலும் ஒட்ட வேண்டும். இரண்டாவது, மாநிலப் போட்டிக்குப் போகிறவர் பட்டியலை அவரவர் தூக்கிய கிலோக் கணக்கோடு வெளியிட வேண்டும். மூன்றாவது, எந்தப் பதவிக்கும் வருஷ வரம்பு வேண்டும். மத்திய சர்க்காரின் 2011-ம் வருஷத்து விளையாட்டு விதிகள் தேசிய சங்கத் தலைவருக்கே 12 வருஷத்துக்கு மேல் கூடாது என்று வைத்தபோது, ஜில்லாத் தலைவருக்கு மட்டும் ஆயுட்காலம் ஏன்? நான்காவது, தூக்கினவர்களுக்கும் பெண்களுக்கும் நிர்வாக சபையில் இடம் வேண்டும். ஐந்தாவது, மாலைக்கும் வரவேற்பு வளைவுக்கும் செலவிடுகிற பணத்தில், தட்டு மாட்டுகிறவனுக்குச் சாப்பாடும் பஸ் சார்ஜும் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

2025-ல் பார்லிமெண்டு விளையாட்டு நிர்வாகத்துக்கென்று ஒரு சட்டமும் செய்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் டில்லியில் எழுதின சட்டம் ஜில்லாக் கூட்டத்தில் தானாக எழுந்து நின்று பேசாது. அங்கே எழுந்து நிற்க வேண்டியவர்கள், பிள்ளைகளைப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்புகிற தாய் தகப்பன்மார்களும், சந்தா கட்டுகிற உறுப்பினர்களும், தூக்குகிற வாலிபர்களும்தான்.

தோழர்களே! ஊழியம் செய்கிறவரை மதியுங்கள்; அவரோடு போய் நின்று நீங்களும் தட்டு மாட்டுங்கள்; விதிகளைப் படித்து நடுவர் பரீட்சைக்கும் போங்கள். ஆனால் சம்பளம் வாங்கவில்லை என்பதற்காக எவரையும் கும்பிடாதீர்கள். வருஷக் கூட்டத்துக்குப் போங்கள். கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க மாட்டேன் என்றால், மூன்று விளக்கும் சிவப்பு என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.