உரத்துக்கு வரி, படிப்புக்குப் பணம்

சிகரெட்டுக்குப் போடும் வரியை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று என் அத்தை அடிக்கடி சொல்வாள். "நடக்கிற காரியமா, அத்தை?" என்று சிரித்திருக்கிறேன். அமெரிக்காவில் அயோவா என்றொரு மாநிலம். அங்கே ஏறக்குறைய இதே யோசனையை வயல் விஷயத்தில் நடத்தியே காட்டினார்கள்.

அயோவாவில் எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம். அது இல்லாவிட்டால் சோயா மொச்சை. சோளத்துக்குக் கொட்டுகிற உரத்தில் ஒரு பகுதி மழையோடு இறங்கி ஆற்றில் கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட் மிகுந்தால் முதல் ஆபத்து கைக்குழந்தைக்குத்தான். உடம்பு நீலம் பாரித்துவிடும். தலைநகரான டி மாய்னில், நைட்ரேட்டை நீக்குவதற்கென்றே 1990-களின் தொடக்கத்தில் தனி ஆலை கட்ட வேண்டி வந்தது. பால் புட்டியில் ஊற்றுகிற தண்ணீராயிற்றே!

1987-ல் சட்டம் செய்தார்கள். உரம் விற்றால் வரி. பூச்சி மருந்துக்குக் கட்டணம். அதில் ஒரு பங்கு, ஏம்ஸ் நகரத்துச் சர்வகலாசாலையில் லியோபோல்ட் மையம் என்ற நிலையத்துக்கு. மண்ணும் நீரும் கெடாமல் சாகுபடி செய்வது எப்படி என்று ஆராய்கிறவர்களுக்கு அது பணம் கொடுத்தது. பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்யும் மாணவ மாணவிகளின் உபகாரச் சம்பளமும் அதில் அடக்கம்.

வயல் ஆராய்ச்சி, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கண் விழித்து முடிக்கிற காரியமல்ல. எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம், விளைச்சலைப் பார்ப்பது இரண்டே தடவை. ஒரு பருவம் பணமில்லையென்றால் பாதிப் படிப்பு போயிற்று. மண்ணோ, இரண்டு வருஷத்தில் வாயைத் திறக்காது! ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர வேண்டும். மார்ஸ்டன் பண்ணையில் அப்படித்தான் நடந்தது. சோளம், சோயாவோடு ஓட்ஸ் தானியமும் குதிரை மசாலும் சேர்த்து மாற்றி மாற்றிப் பயிரிட்டு, 2003 முதல் 2011 வரை கணக்கு வைத்தார்கள். உரமும் களைக்கொல்லியும் வெகுவாகக் குறைந்தன, விளைச்சல் குறையவில்லை, லாபமும் ஏறக்குறைய அதேதான். ஆள் வேலை மட்டும் கூடிற்று. அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தவர்களில் லியோபோல்ட் மையமும் ஒன்று.

2017-ல் மாநிலச் சட்டசபை அந்தப் பங்கை நிறுத்திற்று. மையத்தையே எடுத்துவிடத்தான் உத்தேசம். கவர்னர் அந்தப் பகுதியை மட்டும் தள்ளிவிட்டார். பெயர் மிஞ்சிற்று, பெட்டி காலி. பணம் அதே சர்வகலாசாலையில், உரச்சத்து நீரில் கலப்பதை ஆராயும் வேறொரு நிலையத்துக்குப் போயிற்று. அதுவும் வேண்டிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒழுகுகிற பானைக்கு அடியில் பாத்திரம் வைப்பது ஒன்று; பானையையே மாற்றிப் பார்ப்பது வேறு.

அத்தையிடம் கதையைச் சொன்னேன்.

"வரியை எடுத்துவிடவில்லையே?" என்றாள்.

"இல்லை, அத்தை. பங்குதான் கை மாறிற்று."

"அப்படியானால் மறுபடி கேட்கலாமே!" என்று சொல்லிவிட்டு, அரிசி களைய எழுந்து போனாள்.