மரண சாசனம் இல்லையென்றால் பங்கும் இல்லையா?

போன வருடம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்த ஓர் அக்கா தலைமன்னாரில் இறந்துபோனார். மூத்த மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தார். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்தது. வயது 48. கணவர் முன்பே தவறிவிட்டார். கொழும்பில் கடையில் நிற்கும் மகனும், எங்களிடம் படித்த 17 வயதுக் கடைசி மகளும் இரவோடு இரவாக மன்னாருக்குப் போனார்கள். அடக்கமும் அங்கேயே நடந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் சொந்தக்காரர் ஒருவர் ஒரு கடதாசியை நீட்டினார். அம்மாவுக்கு வரவேண்டிய காசு முழுவதையும் மகன் எடுத்துக்கொள்ள மற்ற இரண்டு பேரும் சம்மதிக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. "அம்மா மரண சாசனம் எழுதவில்லை. அப்படியானால் ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான்" என்றார் அவர். மூத்தவளுக்கு இன்னொரு காரணமும் சொன்னார்: "நீ மன்னாரில் வாழ்க்கைப்பட்டவள். இங்கே தேசவழமை. சீதனம் வாங்கிய பெண்ணுக்குத் தாய் வீட்டில் பங்கு கிடையாது."

அந்த மகன் கெட்டவன் இல்லை. அதுதான் முறை என்று நினைத்தான். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

மரண சாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய உடைமை யாருக்கு என்பதைச் சட்டம் ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறது. மலையகத் தமிழராகிய நமக்குப் பொருந்துவது பொதுச் சட்டம், அதாவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். கணவனோ மனைவியோ உயிரோடு இருந்தால் பாதி அவருக்கு. மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சம பங்கு. துணை உயிரோடு இல்லாவிட்டால் முழுவதும் பிள்ளைகளுக்குச் சம பங்கு. இதில் ஆண், பெண் பேதம் இல்லை. கட்டிக் கொடுத்தவள், கொடுக்காதவள் என்ற பேதமும் இல்லை.

தேசவழமை வட மாகாணத் தமிழருக்குரிய சட்டம். முஸ்லிம் மக்களுக்கு வேறு சட்டம் உண்டு. பார்க்க வேண்டியது இறந்தவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்பதைத்தான். மகள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பது தாயின் சொத்துக்குரிய சட்டத்தை மாற்றாது. கலியாணத்தில் அவளுக்குக் கூடுதலாகக் கொடுத்ததைப் பங்கு பிரிக்கும்போது கணக்கில் சேர்க்கும்படி மற்றப் பிள்ளைகள் கேட்கலாம். பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. கடைசி மகளுக்கோ 18 வயது ஆகவில்லை. அவளிடம் கையெழுத்து வாங்கி அவள் பங்கை எடுத்துவிடவும் முடியாது.

"தோட்டத்து ஆளுக்கு என்ன சொத்து, லயக் காம்பராவும் கம்பெனியுடையது" என்று சிலர் சிரிப்பார்கள். லயத்துக்கு உறுதி இல்லாதது உண்மை. அது நாம் நடத்த வேண்டிய வேறு போராட்டம். ஆனால் 27 வருடம் செக்ரோலில் பெயர் இருந்த அந்த அக்கா வெறுங்கையோடு போகவில்லை. ஊழியர் சேமலாப நிதி இருந்தது. அதில் தொழிலாளி 8 வீதமும் நிர்வாகம் 12 வீதமும் கட்ட வேண்டும் என்பது சட்டம். நிர்வாகம் மட்டும் 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதி இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக்காலப் பணமும் இருந்தது. நாட்சம்பளக்காரருக்கு அது வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 5 வருடம் வேலை செய்தவர் இறந்தாலும் அந்தக் காசு வாரிசுகளுக்குச் சேர வேண்டும், அதுவும் 30 நாளுக்குள். இவற்றோடு வங்கிப் புத்தகமும், அடகில் இருந்த ஒரு சோடித் தோடும்.

உரிமை இவ்வளவு தெளிவாக இருந்தும் காசு கைக்கு வர ஒன்பது மாதம் ஆனது. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். மரணம் நடந்த இடத்தில்தான் பதிவு என்பதால் மன்னாரில் மருமகன் வீட்டுப் பெயரைச் சொல்லி மரணச் சான்றிதழ் எடுத்திருந்தார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டச் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம் என்று அலைந்தோம். சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளியாக வேலைக்குச் சேர்ந்த நாளில் தன் அப்பாவின் பெயரைக் கொடுத்திருந்தார். அப்பா இறந்து பல வருடம். அதை மாற்றும்படி தோட்ட ஆபீஸில் ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தத் தவறில் எங்களுக்கும் பங்குண்டு.

நீதிமன்றம் என்றதும் பயப்படத் தேவையில்லை. இறந்தவரின் உடைமை 40 இலட்சம் ரூபாய்க்குக் குறைவென்றால் பொதுவாக மாவட்ட நீதிமன்றத்தில் நிருவாகக் கடிதம் எடுக்கும் கட்டாயம் இல்லை. அதற்கு மேல் போனால் வாரிசுகளில் ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நிருவாகியாக நியமிக்கப்படுபவர் சொத்துக்காரர் ஆகிவிடுவதில்லை. உடைமைகளைப் பட்டியலிட்டு, கடனைத் தீர்த்து, மிச்சத்தைப் பங்கிட்டு, கணக்கையும் காட்ட வேண்டியவர் அவர். கடனும் இறந்தவர் விட்டுச்சென்றதிலிருந்துதான் தீர்க்கப்பட வேண்டும்.

1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு மன்னார்ப் பெருநிலப்பரப்பில் குடியேறிய நம் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலருடைய காணி அனுமதிப்பத்திரக் காணி. அதற்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பொருந்தும். பின்னுரித்தாளியைப் பிரதேச செயலகத்தில் பதியாமல் விட்டால் சட்டத்தின் வரிசைப்படிதான் காணி போகும். அந்த வரிசையில் ஆணுக்கு இருந்த முன்னுரிமையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியிருக்கிறது. பழைய கதையைச் சொல்லிப் பெண்பிள்ளைகளை ஒதுக்க வருபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் புறப்பட்டது. 200 வருடத்துக்கு முன் நம் முன்னோர் நடந்த வழி அது. அந்தக் கரையில் இறங்கியவர்களின் கடனைக் கங்காணிமார் கவனமாக எழுதி வைத்தார்கள். 'துண்டு' என்ற அந்தக் கடன் சீட்டு 1921இல்தான் ஒழிந்தது. நம் கடனை மற்றவர்கள் எழுதினார்கள். நம் உடைமையை எழுதி வைக்க ஆள் இல்லை. அதை இனி நாம்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வருடத்துக்கு ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கட்டும். பின்னுரித்தாளியின் பெயர் சரியா, செக்ரோல் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று ஒவ்வோர் உறுப்பினருக்கும் பார்ப்போம். பதிவைச் சரிபார்த்துத் தமிழில் பிரதி கொடுக்கும்படி நிர்வாகத்திடம் தலைவர்மார் கோர வேண்டும். மரண சாசனம் எழுத விரும்புகிறவர்கள் நொத்தாரிசிடம் 2 சாட்சிகளோடு எழுதலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால் 5 சாட்சிகள் வேண்டும்.

துக்க வீட்டில் யார் கடதாசி நீட்டினாலும் அன்று கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் தலைவரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அந்த அக்காவின் மூன்று பிள்ளைகளும் கடைசியில் சம பங்கு வாங்கினார்கள். தோட்டை மீட்டுத் தங்கைக்குக் கொடுத்தவன் அந்த மகன்தான்.