சோனகர் என்ற பெயரில் வம்சம் தேடலாமா?

கல்முனையில் பிறக்கும் முஸ்லிம் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இனம் ‘இலங்கைச் சோனகர்’, ஆங்கிலத்தில் ‘மூர்’. இதை வைத்து மொரோக்கோ வரை வேர் தேடுவோர் உண்டு. அந்தப் பெயரின் பயணம் அதற்கு இடம் தரவில்லை. வடமேற்கு ஆப்பிரிக்காவின் மவுரேத்தானியா மக்களை ரோமர் ‘மவுருஸ்’ என்றனர். பிறகு அது ஸ்பெயின், போர்த்துக்கல் முஸ்லிம்கள்மீது ஒட்டியது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், தமக்குப் பழகிய பெயரையே நம் முன்னோருக்கும் வைத்தார்கள். ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களை ‘மோரோ’ என்றதும் இப்படித்தான். அந்நாட்டின் மிந்தனாவோத் தீவு முஸ்லிம்கள் மொரோக்கோவிலிருந்து வந்தவர்கள் என்று யாரும் வாதிடுவதில்லை. ‘சோனகர்’ மட்டும் என்ன? யவனர் என்பதிலிருந்து வந்ததாகக் கருதப்படும் சொல் அது. கிரேக்கரையும் ரோமரையும் சுட்டிய பெயர் பின்னர் அரபியருக்கு வந்தது.

அப்படியானால் 1888இல் தமிழ் அரசியல் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் சொன்னதுபோல் சோனகர் இனத்தால் தமிழர்தானா? அதுவும் அவசர முடிவு. பேசும் மொழியை வைத்து அவர் இனத்தை நிறுவப் பார்த்தார், 1907இல் முஸ்லிம் எழுத்தாளர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்தார். சட்டசபைப் பிரதிநிதித்துவம் பின்னணியில் இருந்ததால் இருவர் எழுத்திலும் அரசியல் கனம் கூடுதல். கிழக்குக் கரைச் சோனகரின் தாய்வழிக் குடிமுறை தமிழரோடு பகிர்ந்த வழக்கம். அதனால் அரபு வணிகத் தொடர்பு பொய்யாகிவிடாது. ‘முஸ்லிம்’ என்றே பதிந்தால் போதாதா என்பார்கள். மலாயரும் முஸ்லிம்களே, அவர்களுக்குக் குடிசன மதிப்பீட்டில் தனி இனப்பெயர் இருக்கிறது. ஆகவே ‘சோனகர்’ பதிவேட்டில் இருக்கட்டும், வம்சத்துக்குச் சாட்சியாக மட்டும் அதைக் கூப்பிட வேண்டாம்.