மாணவர் திருத்திய கட்டுரை

எங்கள் மதரஸாவின் ஆண்டு மலருக்காக இறுதி வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு கட்டுரை எழுதி வந்தார். ‘வாயில்லா ஜீவன்கள்’ என்பது தலைப்பு. அகிலத்தைப் படைத்த ஏக இறைவனின் கருணையில் தொடங்கி, மூன்று பக்கங்களும் அழகிய சொற்களால் நிறைந்திருந்தன. ஆனால் அதில் ஓர் ஆட்டையோ பூனையையோ நான் காணவில்லை. எழுதியவரையும் காணவில்லை. “தம்பி, இதில் உன் சொந்த வரி எது?” என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

அத்துடன் விட்டுவிட மனமின்றி, ஒரு நூலைக் கையில் கொடுத்தேன். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ‘இக்வானுஸ் ஸஃபா’ என்னும் அறிஞர் குழுவினர் இயற்றிய நிருபங்களில் ஒன்று அது. அவர்களுடைய கொள்கைகள் பலவற்றை உலமாக்கள் ஏற்பதில்லை. எனினும் இந்த நிருபம் கற்கத் தக்கது.

ஜின்களின் அரசர் முன்னிலையில், மனிதர்மீது விலங்குகள் வழக்குத் தொடுக்கின்றன. தாங்களே எஜமானர்கள், விலங்குகள் தங்கள் அடிமைகள் என்கின்றனர் மனிதர்கள். ஆதாரம் கேட்கிறார் அரசர். நிமிர்ந்த உடலையும் கூரிய புலன்களையும் கைத்தொழில் திறனையும் அவர்கள் எடுத்துரைக்க, ஒவ்வொன்றுக்கும் விலங்குகள் விடையளிக்கின்றன. அளவுகோலும் கவராயமும் இன்றி அறுகோண வீடு கட்டும் தேனீயும் அங்கே வழக்காடுகிறது. இறுதியில் மனிதருக்கு மேன்மை தருவது மறுமையின் வாக்குறுதியும், அவர்களிடையே தோன்றும் நல்லடியார்களுமே.

ஒரு மாதம் கழித்து மாணவர் வந்தார். “ஹஜ்ரத், மனிதர் பக்கம் நின்றுதான் படிக்கத் தொடங்கினேன். பல இடங்களில் விலங்குகளுக்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எழுத வேண்டும் என்பது இப்போதுதான் விளங்கிற்று” என்றார்.

பின்னர் ஃபிக்ஹு நூல்களையும் அவர் புரட்டினார். 1262இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், கால்நடைகளுக்கு மனிதன் செலுத்த வேண்டிய உரிமைகளை வரிசைப்படுத்தியுள்ளார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன விலங்குக்கும் தீவனம் அளிக்க வேண்டும். சுமக்க இயலாத சுமையை ஏற்றலாகாது. அதன் குட்டியை அதன் கண்ணெதிரே அறுக்கலாகாது என்பவை அவற்றுட் சில.

கடைசி வரியைப் படித்த பின்னரே, தமக்குச் சொந்தமான வரி மாணவருக்குக் கிடைத்தது. புதிய கட்டுரை இப்படித் தொடங்கியது: பத்து வயதில், ஹஜ்ஜுப் பெருநாளன்று, வீட்டுக் கொல்லையில் முதல் ஆடு அறுக்கப்பட்டது. முருங்கை மரத்தடியில் நின்ற இரண்டாவது ஆடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கயிறு இவர் கையில் இருந்தது. அக்கயிற்றின் நடுக்கத்தை இவர் உணர்ந்தார். எவரிடமும் சொல்லவில்லை.

அவர் குர்பானியைக் குறைகூறவில்லை. அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுங்கள், கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள், பிராணிக்கு இதமளியுங்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதையும், ஆட்டின் கண்ணெதிரே கத்தி தீட்டியவரைக் கண்டித்ததையும் எடுத்துக்காட்டி, அந்த இதத்தை நாம் அளித்தோமா என்று மட்டுமே கேட்டிருந்தார்.

படித்து முடித்ததும் நான் வெகுநேரம் பேசவில்லை. அந்த நபிமொழியைப் பல்லாண்டுகளாக ஓதிக்கொடுப்பவன் நான். என் வீட்டுக் கொல்லையிலும் இரண்டாவது ஆடு பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது. அடுத்த பெருநாளில் அதனை வாசற்புறம் கட்டிவைத்தேன். கத்தியையும் முந்தின இரவே தீட்டி மறைத்துவைத்தேன். மாணவரின் எழுத்தைத் திருத்தப் புகுந்த ஆசிரியரை அவ்வெழுத்துத் திருத்திற்று.

சகோதர சகோதரிகளே! உங்கள் பிள்ளைகள் கட்டுரை எழுதினால், சொல்லழகைப் பாராட்டுமுன் அவர்கள் கண்டது என்ன என்று கேளுங்கள். அவர்கள் கண்டதைக் கேட்கும் மனவலிமையை அல்லாஹ் நமக்கும் தந்தருள்வானாக!