நெருப்பும் அடைத்த கதவும்

நீலகிரியில் குளிர்காலம் இரண்டு தவணைகளாக வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் ஈரக்காற்றும் மண்சரிவும். மழை ஓய்ந்து வானம் தெளிந்த பின் உறைபனி. மார்கழி, தை மாதங்களில் உதகையின் தாழ்வான புல்வெளிகள் விடியலில் வெண்மை பூண்டு நிற்கின்றன. வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிச் செல்லும் இரவுகளும் உண்டு. உடல்நலம் உள்ளவர் இதைப் பொறுத்துக்கொள்வர். நோயிலிருந்து மீண்டு வருபவருக்கு அது எளிதன்று. ஆகவே, வீடு திரும்பும் நோயாளியின் இல்லம் குளிருக்கு ஆயத்தமாக இருத்தல் அவர் உட்கொள்ளும் மருந்துக்கு ஒப்பான தேவை என்று நாங்கள் கருதுகிறோம்.

அந்த ஆயத்தத்தில் முதன்மையானது எது என வினவினால், எங்கள் விடை ஒன்றே: உறங்கும் அறைக்குள் கரி நெருப்பைக் கொண்டு செல்லாதிருத்தல்.

மலைவாழ் குடும்பங்களில் இரும்புச் சட்டியில் கரியைக் கனலவைத்துக் குளிர்காய்வது நெடுநாள் வழக்கம். புகை அடங்கிச் செந்தணலான பின் தீங்கில்லை எனக் கருதி, அதை அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துப் படுப்பவர் இன்றும் உளர். அந்த நம்பிக்கை பிழையானது. புகையில்லாத தணலிலிருந்தும், சாம்பல் மூடிய கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணில் எரிச்சலும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இணைவதால், மூச்சு சீராக நடந்துகொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜனின்றித் தவிக்கின்றன. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், அயர்வு ஆகியவையே முதல் அறிகுறிகள். உறங்குபவர் இவற்றை உணர்வதில்லை. உறக்கம் மயக்கமாகி, மயக்கம் மரணமாகிவிடுகிறது. இதயநோயாளி, நுரையீரல் நோயாளி, கர்ப்பிணி, குழந்தை, முதியவர் ஆகியோரை அது விரைவில் வீழ்த்தும்.

நோயாளியைப் பராமரிப்போர் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த நஞ்சைக் காட்டிக்கொடுக்காது. கார்பன் மோனாக்சைடு ஏறிய குருதியையும் அக்கருவி ஆக்சிஜன் நிறைந்த குருதியாகவே கணக்கிடுவதால், 98 என்ற எண்ணைக் கண்டு மன அமைதி கொள்வதற்கில்லை. ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒரே வேளையில் தலைவலியும் வாந்தியும் தோன்றினால், உணவைச் சந்தேகிப்பதற்கு முன் நெருப்பைச் சந்தேகியுங்கள். கதவுகளைத் திறந்து, அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

சன்னலைச் சிறிது திறந்துவைத்தால் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். எவ்வளவு திறப்பு போதுமானது என்பது அறையின் அளவையும் கரியின் அளவையும் காற்றின் போக்கையும் பொறுத்தது. அதை நள்ளிரவில் கணிப்பார் எவருமிலர். குளிர் கூடியதும் யாரேனும் ஒருவர் எழுந்து அதையும் அடைத்துவிடுவர். எனவே நாங்கள் கூறும் விதி எளியது: ஓர் அறையில் நெருப்பு இருக்கலாம், அல்லது அடைத்த கதவு இருக்கலாம், இரண்டும் சேர்ந்து இருத்தல் ஆகாது. குளியலறைக்குள் பொருத்தப்பட்ட எரிவாயு கீசருக்கும் இவ்விதி பொருந்தும்.

கரி மலிவானது, மின்சார ஹீட்டர் விலை மிக்கது, மழைக்காலத்தில் மின்சாரம் நிலையாக இருப்பதுமில்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் வாழ்வோரிடம் நெருப்பை விலக்குங்கள் என்று மட்டும் கூறிவிட்டு அகலுதல் முறையாகாது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல்கள், குளிர்ப் பருவத்தில் வீட்டின் உள்வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருப்பது நலம் என்கின்றன. மலையின் எளிய வீடுகள் பலவற்றுக்கு அது எட்டாத அளவு. அறையைச் சூடேற்ற இயலாதபோது உடலின் வெப்பத்தைக் காப்பதே அறிவுடைமை.

அதற்கு வழிகள் உண்டு. பகலிலும் மாலையிலும் வாசலிலோ திறந்த தாழ்வாரத்திலோ குளிர்காய்ந்து, உறங்கப் போகுமுன் தணலை நீரூற்றி முற்றிலும் அவித்துவிடலாம். நெருப்பற்ற அறையின் கதவிடுக்குகளில் பழந்துணியைச் செருகி அச்சமின்றி அடைக்கலாம். குளிர் தரையிலிருந்து ஏறுவதால், போர்வையை அடுக்குவதற்கு முன் பாயின் கீழ் அட்டையும் பழைய கம்பளியும் விரிப்பது பயன் தரும். தடித்த ஓர் உடையைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்று அடுக்காக அணிவது வெப்பத்தை நன்கு காக்கும். தலைக்குக் குல்லாவும் காலுக்கு உறையும் இன்றியமையாதவை. குடும்பத்தினர் ஒரே அறையில் உறங்குவதும் நன்று. பச்சிளங்குழந்தைக்குத் தாயின் மார்போடு அணைந்த வெப்பத்துக்கு ஈடில்லை. சுடுநீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கையில் வைத்து, படுக்குமுன் எடுத்துவிடலாம். நீரிழிவினால் பாதம் மரத்தவர்கள் அதன்மேல் காலை வைத்தல் கூடாது, சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும். குளிருக்கென மது அருந்துவோர் உளர். மது தோலின் குருதிக்குழாய்களை விரித்து உடலின் வெப்பத்தை வெளியேற்றுமே அன்றிக் காக்காது.

மருந்துகளுக்கும் ஆயத்தம் வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் நிகழ்ந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், சாலைகள் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாளில் மருந்துக்கடை எவ்வளவு அருகில் இருப்பினும் தொலைவே. ஆகவே மழை தொடங்குமுன்னரே இரண்டு வாரத்துக்கான மருந்தைக் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். இன்சுலினைக் குளிர்பெட்டியின் உறையறையிலோ பனி விழும் சன்னலோரத்திலோ வைக்கலாகாது. உறைந்துபோன இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது. குளிர் குருதிக்குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துவதால், இதயநோயாளிகள் விடியற்காலை நடையை வெயில் ஏறிய பின்னர் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர் மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு என்ன என்பதை முன்னரே மருத்துவரிடம் பேசி வைக்க வேண்டும். அவர்கள் அறையில் எவ்வகை நெருப்பும் ஆகாது.

முதியவர் ஒருவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, மந்தமாகக் காணப்பட்டால், அவர் குளிரிலிருந்து தேறிவிட்டார் என எண்ணிவிடாதீர்கள். உடல்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழ் இறங்கியதன் அடையாளமாக அது இருக்கலாம். ஈர உடையை மாற்றிப் போர்த்தி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். தனித்து வாழும் முதியவருக்கு இதைக் கவனிக்க எவரும் இரார் என்பதால், காலையில் ஒருமுறை அவர் கதவைத் தட்டிப் பார்ப்பதை அண்டை வீட்டார் தம் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.

வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டைப் பெறும்போது, உங்கள் இல்லத்தைப் பற்றியும் எங்களிடம் கூறுங்கள். எந்த அறையில் நோயாளி படுப்பார், அதில் எதைக் கொண்டு குளிர்காய்கிறீர்கள், சன்னல் உண்டா, மின்சாரம் உண்டா என்பவற்றைக் கூறத் தயங்க வேண்டாம். வறுமையை மறைக்கும் பொருட்டுக் கரியடுப்பை மறைத்துவிட்டால், நாங்கள் எழுதித்தரும் மருந்து எதுவும் அவ்வறையில் துணைநிற்காது. உள்ளதை உள்ளவாறு கூறினால், அந்த வீட்டுக்கு இயன்ற வழியை நாம் சேர்ந்து காணலாம்.