சாத்தனூர் கல்மரத்தை உங்கள் பிள்ளை பார்த்திருக்கிறதா?

வேப்பந்தட்டை வட்டாரத்துப் பெற்றோர்களே, உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்திருக்கிறதா? ரஞ்சன்குடிக் கோட்டை மேல் ஏறியிருக்கிறதா? விசுவக்குடி அணைக்குத் தண்ணீர் எந்த ஆற்றில் வருகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியுமா? தெரியாது என்றால் பிள்ளையைத் திட்டாதீர்கள். கூட்டிப் போக வேண்டியவர்கள் நீங்கள்.

கொரோனா பொதுமுடக்கக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் பல குடும்பங்கள் என்ன செய்தன தெரியுமா? அந்த நாடு 2020 மார்ச் 20-ஆம் தேதி வெளிநாட்டாருக்குத் தன் எல்லையை மூடியது. விமானம் ஏற வழியில்லை. அப்பா அம்மா வேலையும் பிள்ளைகளின் படிப்பும் கணினிக்குள் வந்துவிட்டன. கட்டுப்பாடு தளர்ந்த இடங்களில், வீட்டைப் பூட்டிவிட்டு, காருக்குப் பின்னால் காரவானைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். காரவான் என்றால் அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கிற சக்கர வீடு. அந்த நாட்டைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர். அதிலும், அதை விட்டு உள்ளே விலகிய செம்மண் பாலையிலும் மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள். சங்கடம் இல்லாமல் இல்லை. மாநில எல்லைகள் திடீர் திடீரென்று மூடின. மேற்கு ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலில் மூடிய எல்லையை 2022 மார்ச் 3-ஆம் தேதிதான் முழுதாகத் திறந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் தங்கள் நாட்டைக் கண்ணால் பார்த்தார்கள்.

படிப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த நாட்டுக்கு அது பழகிய காரியம். அடுத்த வீட்டுக்கே நூறு கிலோமீட்டர் போக வேண்டிய பண்ணைகளில் வளரும் பிள்ளைகளுக்காக, 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து வானொலியில் பாடம் நடத்தும் பள்ளியைத் தொடங்கினார்கள். அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர் அம்மையாரின் யோசனை அது. பறக்கும் மருத்துவர் சேவைக்காக ஏற்கெனவே இருந்த வானொலிக் கருவிகளையே அதற்குப் பயன்படுத்தினார்கள். வகுப்பறைக்கு வெளியிலும் பிள்ளை படிக்கும் என்ற நம்பிக்கை அங்கே அன்றிலிருந்து வேர்விட்டிருக்கிறது. அந்த நம்பிக்கைதான் நம்மிடம் இல்லை.

நீங்களும் காரவான் வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொதுமுடக்கத்தில் வீட்டுக்குள் இருந்ததையும் குறை சொல்லவில்லை. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாக அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களிலும் தொற்று கிடுகிடுவென ஏறியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முடியும் வரை மாவட்டம் தாண்ட இ-பாஸ் தேவைப்பட்டது. அடங்கி இருந்ததுதான் சரி. கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்தான் பள்ளிக்கூடம் என்றான போது பிள்ளை கையில் போனைக் கொடுத்தீர்கள். வேறு வழி இல்லை. போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பருத்தி எடுக்கவும், சின்ன வெங்காயம் நடவும் போனார்கள். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கிய பிறகு, தெருவில் படித்த பெண்களே சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நான் கேட்பது அதற்குப் பிறகு நடந்ததை. நோய் போய்விட்டது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பேருந்து ஓடுகிறது. போன் மட்டும் பிள்ளை கையை விட்டு இறங்கவில்லையே, ஏன்? பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் போன், ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். இடையில் ஒரு நாள் கிடைத்தால் பெரம்பலூரில் துணிக்கடை, இல்லாவிட்டால் கல்யாண மண்டபம். ஊரையும் மண்ணையும் பார்க்க அந்தப் பிள்ளைக்கு நீங்கள் எந்த நாளை விட்டுவைத்திருக்கிறீர்கள்?

மதிப்பெண் வாங்கத் தெரியாத ஊரா நம்முடையது? 2023-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் மாவட்டம் 97.67 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம். அடுத்த ஆண்டு அரியலூர் 97.31 விழுக்காட்டோடு முதலிடம். பின்தங்கிய பகுதி என்று ஒரு காலத்தில் பேர் வாங்கிய இரண்டு மாவட்டங்கள், ஆசிரியர்களும் பிள்ளைகளும் பட்ட பாட்டால் தலைநிமிர்ந்திருக்கின்றன. பெருமைதான். ஆனால் அதே பிள்ளை சமூக அறிவியல் புத்தகத்தில் புதைபடிவம் என்ற பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. அந்தப் புதைபடிவம் தன் மாவட்டத்து ஓடையில் கிடக்கிறது என்பது அதற்குத் தெரியவில்லை. உலகத்தின் பல மூலைகளிலிருந்து நிலவியல் படிக்கிறவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு நம் பக்கம் வருகிறார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் பிள்ளைகள் போனதில்லை. இது எந்த ஊர் நியாயம்?

ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில் ஓடைக்கரையில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல். தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் விழுந்த மரம்தான். கிட்டப் போனால்தான் தெரியும், அது முழுக்கக் கல். வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டு. பூக்கிற மரங்கள் பூமியில் பரவுவதற்கு முந்தைய ஊசியிலை வகை. அன்றைக்கு நம் நிலத்தின் மேல் கடல் ஏறி நின்றது. ஆறு அடித்துக்கொண்டு வந்த மரம் கடல் சேற்றில் புதைந்தது. மக்கிப் போவதற்குள் தாதுக்கள் கரைந்த நீர் அதன் ஒவ்வொரு நாரிலும் இறங்கி, மரம் இருந்த இடத்தில் கல் குடியேறியது. 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். ஒரு பிள்ளை அந்த மரத்தின் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும், கோடி என்ற எண் அதற்கு வெறும் பூஜ்ஜியங்களாக இருக்காது.

காரை என்ற ஊர்ப் பக்கம் போங்கள். மழை அறுத்தறுத்துப் போட்ட செம்மண் மேடுகள், அவற்றின் குறுக்கே வெள்ளை வெள்ளையாக ஜிப்சம் கோடுகள். குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில், ஒரு முனை கூராக உருண்ட கற்கள் கிடக்கும். அவை கணவாய் இனத்தைச் சேர்ந்த கடல் உயிர்களின் உடலுக்குள் இருந்த பாகம். சுருள் சுருளான அம்மோனைட்டும் இந்தப் பகுதியில் கிடைத்ததுதான். 1840-களிலிருந்தே இந்த மண்ணின் சிப்பிகள் லண்டன் வரை போய் ஆராயப்பட்டிருக்கின்றன. அரியலூர்ச் சிமெண்டு ஆலைகள் அரைக்கிற சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடல் விட்டுப் போன சொத்துதான். கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987-இல் ஒரு டைனோசருக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பேர் வைத்தார்கள். அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டதால் அதன் அளவு பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஹாலிவுட் படத்து டைனோசர் அத்தனையும் பேரோடு தெரியும். இந்த ஒன்றைச் சொல்ல உங்களுக்கு நேரமில்லை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்.

கல் வேண்டாம், வரலாறு போதும் என்கிறீர்களா? திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் எத்தனை முறை ரஞ்சன்குடிக் கோட்டையைக் கடந்து போயிருப்பீர்கள்! ஒரு முறையாவது வண்டியை நிறுத்தினீர்களா? அந்தப் பகுதியில்தான் 1751-இல், வாலிகண்டபுரம் பக்கத்தில், ஆங்கிலேயர் ஒரு பக்கம், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் மறுபக்கம் என்று மோதிக்கொண்டார்கள். கர்நாடகப் போர் என்று புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருவது நம் வாசலில் நடந்தது. இன்னும் கொஞ்சம் தூரம் போனால் ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம். அந்தக் கோயிலை 2004-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பறவை பார்க்க வேண்டுமா, மார்கழி, தை மாதங்களில் கரைவெட்டி ஏரிக்குப் போங்கள். 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்து அங்கே இறங்குகிறது. அந்த வாத்துக்கு வழி தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை.

இதற்கும் நேரமில்லை என்றால் ஊரை விட்டே நகர வேண்டாம். விசுவக்குடிக்குப் போய், பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவில் கல்லாற்றை எப்படி மறித்திருக்கிறார்கள் என்று காட்டுங்கள். நம் ஊரிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் காட்டில் விளையும் பருத்திக்கும் அந்த நிலையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளையைக் கேட்டுவரச் சொல்லுங்கள். வெங்காயப் பட்டறைக்கு அழைத்துப் போய், தரையிலிருந்து ஏன் உயர்த்திக் கட்டுகிறோம், காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது, அடைத்துக் கட்டினால் ஏன் அழுகுகிறது என்று தாத்தாவையே சொல்லச் சொல்லுங்கள். விவசாயம் செய்கிற வீட்டில் பிறந்து, பட்டறை போடத் தெரிந்த தாத்தாவை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு யூடியூபில் அறிவியல் தேடிக் கொடுக்கிறீர்கள்.

“அதையெல்லாம் பாத்து என்னங்க ஆவப் போவுது, மார்க்கு வருமா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வரும். நேரில் பார்த்ததைப் பிள்ளை மறக்காது. மறக்காததைத் தேர்வில் எழுதும். மார்க்கு வராவிட்டாலும் என்ன? தான் நிற்கிற மண்ணைத் தெரிந்துகொள்வது பிள்ளையின் உரிமை. “காசு ஏதுங்க” என்கிறீர்கள். சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவும் மகளும் பெரம்பலூர் வரை காசில்லாமல் போகலாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டால் கடைச் செலவும் இல்லை. மாதா மாதம் போனுக்கு ரீசார்ஜ் செய்கிற காசில் ஒரு குடும்பம் சாத்தனூர் போய்வந்துவிடும். “அவங்கப்பா துபாய்ல இருக்கார், யார் கூட்டிட்டுப் போறது” என்று சொல்லும் தாய்மார்களே, சித்தப்பா இல்லையா, மாமா இல்லையா, பக்கத்து வீட்டுக் குடும்பம் இல்லையா? நாலு வீடு சேர்ந்தால் ஒரு வேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் சுற்றச் சொல்லவில்லை. அறுவடை முடிந்த காடுகளில் ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரிக் குடும்பங்களைப் பாருங்கள். வருஷம் முழுக்கப் பயணம்தான். அந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் காட்டில் எப்போது புல் முளைக்கும் என்று தெரியும். பள்ளியில் தொடர்ந்து உட்காரத்தான் கொடுத்துவைக்கவில்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், நம் பிள்ளைகளுக்கு வெளி வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் பெரியவர்களின் வேலை.

போகும்போது முறையோடு போங்கள். புதைபடிவத்தைப் பையில் போட்டு எடுத்து வராதீர்கள். எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு வெறும் மண்தான். படம் எடுத்துக்கொள்ளட்டும், நோட்டில் வரையட்டும். மழைக்காலத்தில் அருவியிலும் ஓடையிலும் இறங்க விடாதீர்கள். மலையில் மழை பெய்தால் கீழே சொல்லாமல் வெள்ளம் வரும். ஏரிக்கரையில் கத்தாதீர்கள், பிளாஸ்டிக்கை விட்டு வராதீர்கள். முக்கியமாக, நீங்கள் போனை எடுத்து உட்கார்ந்துவிடாதீர்கள். பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள், சேர்ந்து தேடுங்கள். திரும்பி வந்ததும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிதண்ணீரோடு இதையும் பேசுங்கள்: பருவத்துக்கு ஒரு முறை நம் மாவட்டத்துக்குள் ஒரு பயணம்.

ஒன்றரை ஆண்டு பள்ளிக்கூடத்தை இழந்த பிள்ளைகள் இவர்கள். அந்த இழப்பை டியூஷனால் மட்டும் ஈடுகட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டியூஷன் வாத்தியாரிடம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேளுங்கள். கேட்டதும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாத்தனூருக்குப் பேருந்து ஏறுங்கள்.