‘போடலாம் மாமா’னு சொல்றதுக்கு முன்னாடி

நீங்க எந்த டிபார்ட்மெண்ட் படிச்சாலும் சரி, வீட்டுல உங்களுக்கு ஒரே பட்டம்தான்: ‘நம்ம வீட்டு இன்ஜினியர்’. மிக்ஸி ஓடலைன்னா உங்களைத்தான் கூப்பிடுவாங்க. வைஃபை வரலைன்னாலும் உங்களைத்தான். தெரியாதுன்னு சொன்னா, “நாலு வருஷமா என்னத்தப் படிச்சே?”ன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே நாம ஒரு பழக்கத்துக்கு வந்துட்டோம். தெரியாட்டியும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிடறோம்.

நானும் அப்படி ஒரு பதில் சொன்னேன். அதைப் பத்திதான் இந்தக் கட்டுரை. (ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.)

என் மாமாவுக்கு நாமக்கல் பக்கம் ஊர். ஒரு பிக்கப் வச்சிருக்கார். கொல்லிமலை சோளக்காடு சந்தையிலிருந்து பலா, அன்னாசி, வாழை ஏத்திக்கிட்டு காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து டவுனுக்குப் போறதுதான் அவர் தொழில். அந்த ரோடு தெரியாதவங்களுக்கு ஒரு தகவல்: அதுல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. பைக்ல போறவங்களுக்கு அது ரீல்ஸ். லோடோட தினமும் இறங்குற மாமாவுக்கு அது சம்பளம்.

போன வருஷம் டயர் தேய்ஞ்சு, மாத்த வேண்டிய நேரம். வண்டியில இருந்தது 215/75 ஆர்15. கடையில 235/75 ஆர்15 காட்டி, “ரிம் அதேதான், அப்படியே உட்காரும். வண்டி உயரமாகும், கெத்தா இருக்கும்”னு சொல்லியிருக்காங்க. மாமா உடனே எனக்கு போன் பண்ணார்.

“மாப்ள, நீதான மெக்கானிக்கல் படிக்கிற. சஸ்பென்ஷன் எல்லாம் மாத்தாம இதை மட்டும் போட்டுக்கலாமா?”

நான் அப்போ ஹாஸ்டல் மெஸ் வரிசையில நின்னுட்டிருந்தேன். கையில தட்டு. சொன்ன பதில் ரெண்டே வார்த்தை: “போடலாம் மாமா.”

இத்தனைக்கும் நான் காலேஜ் பாஹா டீம்ல இருந்தவன். அங்க ஒரு போல்ட் மாத்தணும்னாகூட கணக்குப் போட்டு, சிமுலேஷன் ஓட்டி, ரெண்டு சீனியர்கிட்ட திட்டு வாங்கிட்டுத்தான் மாத்துவோம். மாமா வண்டிக்கு நான் பேனாவைக்கூட எடுக்கலை.

அந்தக் கணக்கை இப்போ உங்களோட சேர்ந்து போடறேன். பத்தாங்கிளாஸ் கணக்குதான்.

215/75 ஆர்15-ல, 215 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், அதாவது 381 மி.மீ. ஆக மொத்த விட்டம் 703.5 மி.மீ. இதே மாதிரி 235/75 ஆர்15 போட்டுப் பாருங்க, 733.5 மி.மீ. வரும். வித்தியாசம் 30 மி.மீ., கிட்டத்தட்ட 4.3 சதவீதம்.

வண்டி எவ்வளவு உயரும்? 30 மி.மீ. இல்லை, அதில் பாதி, 15 மி.மீ. மேல் பாதி மட்கார்டு பக்கம்தான் வளரும். ஆக நாலு டயருக்குக் காசு கொடுத்து நாம வாங்கின கெத்து, ஒரு விரல் தடிமன்.

இந்த 4.3 சதவீதம் வேற எங்கெல்லாம் போய் உட்காருதுன்னு பாருங்க. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 83.4-ல போயிட்டிருப்பீங்க. ஓடோமீட்டர் 10,000 காட்டும்போது வண்டி 10,426 கி.மீ. ஓடியிருக்கும், ஆயில் மாத்துற கணக்கும் தள்ளிப்போகும். “பெரிய டயர் போட்டா மைலேஜ் விழும்”னு சொல்றதுல பாதி உண்மை, பாதி இந்த மீட்டர் செய்யற வேலை. லிட்டருக்கு நிஜமா 14 குடுக்கிற வண்டி, மீட்டர் கணக்குல 13.4-தான் காட்டும்.

இதெல்லாம் பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம். பிரேக்குக்கு வாங்க.

பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் அதே சைஸ்தான். அது சக்கரத்தை நிறுத்தத் தர்ற திருப்புவிசையும் அதேதான். ஆனா அந்த விசை ரோட்டுக்குப் போய்ச் சேர, டயரின் ஆரத்தால வகுக்கணும். ஆரம் 4.3 சதவீதம் கூடினா, அதே அழுத்தத்துக்கு ரோட்டில் கிடைக்கிற நிறுத்துவிசை சுமார் 4 சதவீதம் குறையும். இன்ஜின் பிரேக்கிங்கும் அதே அளவு குறையும். ஏத்தத்துக்கு எந்த கியரோ அதே கியர்லதான் இறங்கணும்னு மலை டிரைவர்கள் சொல்ற விதிக்கு ஆதாரமே அந்த இன்ஜின் பிரேக்கிங்தான். இதோட டயர் எடையும் சேரும். எடை 20 சதவீதம் கூடுதுன்னு வச்சுக்குங்க. சுழல் நிலைமம் எடை இன்ட்டு ஆரத்தின் வர்க்கம் என்கிற விகிதத்தில் போறதால, கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறிடும். சுத்தறதை நிறுத்தவும் கஷ்டம், நின்னதைச் சுத்தவும் கஷ்டம்.

இதே ரிம்முக்குக் கிடைக்கிற 31 அங்குல டயரைப் போட்டா இந்த 4 சதவீதம் 11-க்குப் பக்கத்துல போகும். ரீல்ஸ்ல பார்க்கிறது பெரும்பாலும் அந்த சைஸ்தான். ஆனா அதுல பின்னாடி பலாப்பழம் இருக்காது.

இப்போ முக்கியமான விஷயம், சஸ்பென்ஷன். நான் கோட்டை விட்டது இங்கதான்.

கடையில டயர் மாட்டி, ஸ்டீயரிங்கை முழுசா ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பார்த்திருக்காங்க. எங்கேயும் உரசலை. மாமா எனக்கு வீடியோ அனுப்பினார். நான் கட்டைவிரல் எமோஜி போட்டேன்.

அந்த டெஸ்ட் நடந்தது சமதளத்துல, காலி வண்டியில, நின்ன நிலையில. கொல்லிமலையில வண்டி எப்படி இறங்குதுன்னு யோசிங்க. பின்னாடி முழு லோடு. சரிவு. வளைவுக்கு முன்னாடி பிரேக். எடை முன்பக்கம் பாயும், மூக்கு கீழே இறங்கும். வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் அமுங்கும். அந்த நிமிஷத்துலதான் ஸ்டீயரிங் முழுசா ஒடிஞ்சிருக்கும். அதாவது ஸ்பிரிங் அதிகமா அமுங்கறதும் ஸ்டீயரிங் அதிகமா திரும்பறதும் ஒரே நேரத்துல நடக்கும். ஒரு தடவை இல்லை, ஒரு இறக்கத்துக்கு 70 தடவை.

கம்பெனிக்காரங்க ஸ்பிரிங் எவ்வளவு தூரம் அமுங்கலாம்னு வரம்பு வைக்கும்போது, தாங்கள் குடுத்த டயருக்கு எவ்வளவு இடம் வேணும்னு பார்த்துத்தான் வைக்கிறாங்க. நாம டயரை 15 மி.மீ. மேல வளர்த்து, பக்கத்துக்கு 10 மி.மீ. அகலமாக்கி, ஸ்பிரிங்கை அப்படியே விட்டா, அந்த இடத்தைத்தான் தின்னுறோம்.

மாமாவுக்கு முதல் வாரத்துலேயே வளைவுகள்ல ‘கர்ர்’னு ஒரு சத்தம் கேட்டிருக்கு. கல்லு ஏதாவது மாட்டியிருக்கும்னு விட்டுட்டார். மூணு மாசம் கழிச்சு வண்டியைக் கழுவும்போதுதான் பார்த்திருக்காங்க. முன்பக்க டயர் ஒண்ணில், உள்பக்கத் தோள்ல, மட்கார்டு உள்தகட்டின் போல்ட் வரிசையா கோடு கிழிச்சிருக்கு. ஒரு இடத்துல ரப்பர் போய் உள்ள நூல் தெரியுது. அந்த டயரோடதான் அன்னைக்குக் காலையில இறங்கியிருக்கார்.

ஒண்ணும் ஆகலை. அதை முதல்ல சொல்லிடறேன்.

ஆனா எனக்கு உறுத்துறது வேற. “சத்தம் வந்தப்பவே ஏன் மாமா சொல்லலை?”ன்னு கேட்டேன். “நீ பார்த்துச் சொன்னதுதானே மாப்ள, அதுல தப்பு இருக்காதுன்னு நினைச்சேன்”னார். கோபமா சொல்லலை. சாதாரணமா, டீயை ஆத்திக்கிட்டே சொன்னார்.

தன் காதுல கேட்ட சத்தத்தைவிட என் ரெண்டு வார்த்தையை அவர் பெருசா நம்பியிருக்கார். இருபது வருஷமா வண்டி ஓட்டுற மனுஷன்.

அதனால என் கருத்து இது. பெரிய டயரே தப்புன்னு நான் சொல்ல வரலை. சேறும் பாறையுமா இருக்கிற இடத்துல ஓட்டுறவங்களுக்கு அதுக்கு நியாயமான தேவை இருக்கு. ஆக்ஸிலும் டிஃபரென்ஷியலும் தரையிலிருந்து உயரணும்னா பெரிய டயர்தான் வழி. லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும், டிஃபரென்ஷியல் இருந்த இடத்துலயே இருக்கும். ஆனா பழைய சஸ்பென்ஷனோட பெரிய டயர் என்பதை ‘போடலாம், போடக்கூடாது’ன்னு போன்ல சொல்லி முடிக்க முடியாது. எந்த வண்டி, எவ்வளவு லோடு, எந்த ரோடுன்னு கேட்காம பதில் சொல்றவன் இன்ஜினியர் இல்லை. அன்னைக்கு நானும் இல்லை.

உங்க வீட்டுல யாராவது கேட்டா இதையெல்லாம் பாருங்க:

முதல்ல மேனுவலையோ, கதவோரம் ஒட்டியிருக்கிற பிளேட்டையோ பாருங்க. அந்த மாடலுக்கு கம்பெனியே ஒண்ணுக்கு மேற்பட்ட அளவு அனுமதிச்சிருந்தா, அதுக்குள்ள நில்லுங்க.

லோடு இன்டெக்ஸ் பாருங்க. 100-னு போட்டிருந்தா ஒரு டயர் 800 கிலோ தாங்கும். பழசைவிடக் குறைஞ்சது வேண்டவே வேண்டாம். கூடுதலா இருந்தாலும் ஏமாறாதீங்க. டயர் அதிகம் தாங்கும்னா வண்டி அதிகம் தாங்கும்னு அர்த்தமில்லை. அதை முடிவு பண்றது பட்டையும் ஆக்ஸிலும் பிரேக்கும். “டயர் பெருசாச்சு, இன்னும் நாலு மூட்டை ஏத்தலாம்”னு யாராவது சொன்னா அங்கேயே நிறுத்துங்க.

உரசுதான்னு பார்க்கணும்னா லோடோட பாருங்க. ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டுல ஏத்தி, ஸ்பிரிங் நல்லா அமுங்கின நிலையில ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். பிரேக் ஹோஸையும் பாருங்க.

உரசினா, “ஸ்டீயரிங் ஸ்டாப்பரைக் கூட்டி வச்சுடலாம்”னு ஒரு யோசனை வரும். அப்போ வண்டி திரும்புற வட்டம் பெருசாகும். 70 கொண்டை ஊசியில எத்தனை இடத்துல ரிவர்ஸ் எடுக்கணும்னு மலையில வண்டி ஓட்டுற யாரையாவது கேளுங்க.

ஸ்டெப்னியையும் சேர்த்து அஞ்சா மாத்துங்க. பின்னாடி ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சின்னதுன்னா, நேர் ரோட்டுலயும் டிஃபரென்ஷியல் ஓயாம வேலை செய்யும்.

கடைசியா சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தறதைத் தடுக்குது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டுமே. விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரர் முதல்ல கவனிக்கிறதும் இந்த மாதிரி மாத்தங்களைத்தான்.

மாமா பழைய சைஸுக்கே போயிட்டார். மூணு டயரைப் பாதி விலைக்கு வித்தார். நாலாவது டயரை நான் ஹாஸ்டலுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். என் ரூம்ல கட்டிலுக்கு அடியில இருக்கு. பாஹா டீம் ஜூனியர்ஸ் வந்தா, நூல் தெரியற அந்த இடத்துல விரல் வச்சுப் பார்க்கச் சொல்வேன்.

இன்னும் ரெண்டு மாசத்துல நம்மில் பல பேருக்கு கையில டிகிரி வந்துடும். அதுக்கப்புறம் நாம சொல்றதை வீட்டுல இன்னும் அதிகமா நம்புவாங்க. தெரியலைன்னா, “நாளைக்குச் சொல்றேன், கணக்குப் போட்டுப் பார்க்கணும்”னு சொல்லிப் பழகுங்க. “நாலு வருஷமா என்னத்தப் படிச்சே?”ன்னு கேட்பாங்க. கேட்கட்டும். ஒரு ராத்திரி கழிச்சுப் பதில் சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகிடாது.